தோள்பலம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம். சரவணம்பட்டி பேக்கரியில் கொண்டுவந்து வைத்த டீ ஆடை கட்டிப்போய்விட்டது, மிதுன் தொடவில்லை. கைபேசியைக் கவிழ்த்து வைப்பான். எடுப்பான். பார்ப்பான். மறுபடி கவிழ்த்து வைப்பான். கவிழ்த்து வைத்தால் எண் மாறிவிடுமா என்ன? காலையில் ஆறு லட்சத்து நாற்பதாயிரமாக இருந்த அவனுடைய தோள்பலம், இப்போது இரண்டு லட்சத்துப் பத்தாயிரமாகக் கிடந்தது.

"போச்சுடா ரூபன்," என்றான்.

எதிரே தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்த ரூபன் அவனுடைய அறைத்தோழன். ஒரே கம்பெனி, ஒரே சம்பளம். செலவில் மட்டும் மிதுனுக்குப் பாதிகூட வரமாட்டான்.

"என்ன போச்சு?"

"லிமிட்டு. நாலு லட்சத்துக்கு மேல எறங்கிருச்சு. இந்த வாரம் நான் ஒண்ணுமே வாங்கலடா."

"வாங்குனா பாக்கிதான் ஏறும். தோள்பலம் எறங்குதுன்னா அது வேற. எவனோ உனக்குக் குடுத்த தோளை எடுத்துட்டான்," என்று சொல்லிவிட்டு ரூபன் மிச்சப் பன்னையும் வாயில் போட்டுக்கொண்டான்.

தோள் கார்டு வந்து நாலைந்து வருடம் இருக்கும். அதற்கு முன்னால் வங்கிகள் சம்பளம் என்ன, சொத்து என்ன என்று கேட்டுக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தன. தோள் கம்பெனிக்காரன் கெட்டிக்காரன். அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். நீ விழுந்தால் உன்னைத் தாங்க யார் வருவார்கள்? அதையும் அவன் உன்னிடம் கேட்பதில்லை. உன் கைபேசிக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்வான். உன்னை யார் கூப்பிடுகிறார்கள், சாப்பிட்டாயா என்று யார் கேட்கிறார்கள், உனக்குக் காய்ச்சல் என்றால் யாருடைய குரல் மாறுகிறது, அவர்கள் கணக்கில் பணம் எவ்வளவு, பீரோவில் நகை எவ்வளவு இருக்கும் என்று எல்லாவற்றையும் அளந்து ஓர் எண்ணைச் சொல்வான். அந்த எண்தான் தோள்பலம். பழைய பாக்கி எவ்வளவு இருந்தாலும், அதுவரைக்கும் நீ புதிதாகச் செலவு செய்யலாம். அதில் யாருடைய பங்கு எவ்வளவு என்று மட்டும் சொல்லமாட்டான். 'தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்' என்ற பழமொழியை விளம்பரப் பலகையில் எழுதி அவிநாசி சாலை நெடுக நிறுத்தியிருந்தான்.

அதன்பிறகு ஊரில் பாசம் பொங்கி வழிந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் இளவட்டங்கள் பெரியப்பாவுக்கும் ஒன்றுவிட்ட சித்திக்கும் போன் போட்டு "மூட்டுவலி எப்படி இருக்குதுங்க" என்று விசாரித்தார்கள். பெரியவர்களும் பையன் திருந்திவிட்டான் என்று பூரித்துப்போனார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் பையனுக்கு என்ன சம்பளம் என்ற கேள்வி போய், தோள்பலம் எவ்வளவுங்க என்ற கேள்வி வந்தது.

மிதுனுக்கு இதில் ஒரு பெருமை இருந்தது. அறையில் ரூபனுக்கு ஒன்றேகால் லட்சம்தான். மிதுனுக்கோ ஆறு லட்சத்துக்கு மேல். தன்மீது உலகத்துக்கு எவ்வளவு பிரியம் என்று எழுதிக் காட்டினால் யாருக்குத்தான் நெஞ்சு நிமிராது? அந்தப் பிரியத்தில் ஒரு மின்சார பைக் வாங்கினான். இரண்டு கைபேசி, காலையில் ஓடுவதற்கென்று வாங்கி ஒருநாளும் ஓடாத ஷூ, பாலித்தீவுப் பயணம், ரூபனுக்கும் சேர்த்து வாரத்துக்கு மூன்று நாள் ஓட்டல் சாப்பாடு. சம்பளத்தில் பாதி தவணைக்கே போயிற்று. விரலுக்கேத்த வீக்கம் வேணும்டா என்று ரூபன் சொன்னால், என் விரல் பெருசுடா என்பான்.

தவணை கட்ட முடியாத மாதங்களும் வந்தன. அப்போதெல்லாம் அதிசயம்போல ஒரு செய்தி வரும். 'இம்மாதம் உங்கள் தவணை தாங்கப்பட்டது. மகிழ்ந்திருங்கள்.' முதல்தடவை வந்தபோது அவன் நம்பவில்லை. கருணைச் சலுகை, பண்டிகைத் தள்ளுபடி, ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டான். கம்பெனியைக் குலதெய்வம்போல வாழ்த்திவிட்டு, ரூபனை அழைத்துப்போய் மட்டன் பிரியாணி வாங்கிக் கொடுத்தான். பிறகு அது பழகிப்போயிற்று. கட்டாவிட்டால் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று ஒரு தைரியம் வந்துவிட்டது.

இப்போது அந்த எண் சரிந்ததும் அவனுக்கு இரண்டு விதமாக வலித்தது. ஒன்று, வருகிற ஞாயிற்றுக்குப் பிந்திய ஞாயிறு அக்கா மகள் தன்யாவுக்குக் காதுகுத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். மாமன் சீர்த்தட்டு எத்தனை வருகிறது என்று மொத்தச் சனமும் பார்க்கும். மூன்றரை லட்சத்துக்குச் சீர் வைப்பதாக அவன் மனசுக்குள் கணக்குப் போட்டு, அதை நாலு பேரிடம் சொல்லியும் விட்டான். இரண்டாவது வலிதான் பெரியது. அவனைத் தாங்குவதாக இருந்த யாரோ ஒருவர், இனித் தாங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். அது யார்?

"எப்படிடா கண்டுபிடிக்கறது?" என்றான் ரூபனிடம்.

"முடியாதுடா. என்ர மாமா பையன் அந்தக் கம்பெனிலதான இருக்கான், அவனே சொன்னான். பாசத்தையும் வசதியையும் போட்டுப் பெருக்குமாம். ரெண்டுல எது எறங்குனாலும் மொத்தம் எறங்கிரும். ஆனா ஆரு என்னன்னு அங்க வேல செய்யறவனுக்கே தெரியாதாமா."

பெருக்கலில் இரண்டு எண் இருக்கிறது என்று ரூபன் தெளிவாகத்தான் சொன்னான். மிதுனின் காதில் ஒன்றுதான் விழுந்தது.

அன்றே சோதனையில் இறங்கினான். கல்லூரி நாளிலிருந்து கூடவே சுற்றிய சஞ்சீவுக்குப் போன் போட்டான். "மச்சி, அவசரமா அம்பதாயிரம் வேணும்டா."

"இப்பவா? மாசக் கடைசிடா."

"இல்லைன்னு சொல்லு. ஏன் இழுக்கறே?"

"என்னடா ஆச்சு உனக்கு? நான் எங்க இல்லேன்னேன்?"

"உன்ர மனசுல என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

பேச்சு தடித்தது. பாலிக்குக் கூட்டிப்போனதை இவன் சொல்லிக்காட்ட, நானா கேட்டேன் என்று அவன் திருப்பிக் கொடுக்க, பத்து வருட நட்பு அந்தப் பேக்கரி வாசலிலேயே அறுந்தது. சஞ்சீவ் இவன் எண்ணைத் தடைசெய்துவிட்டான். மிதுன் திரையைப் பார்த்தான். தோள்பலம் சரியாக ஆறாயிரம் ரூபாய் இறங்கியிருந்தது.

"பத்து வருசத்துக்கு ஆறாயிரம்," என்றான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

சஞ்சீவ் இல்லையென்றால் நாலு லட்சத்துக்குத் தோள் கொடுத்திருந்தது யார்? யோசிக்கவே வேண்டியதில்லை. அக்காதான். அப்பா சின்ன வயதிலேயே போய், அம்மாவும் போனபிறகு, பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தவனை இழுத்துப்பிடித்து இன்ஜினியர் ஆக்கியவள் கோகிலா. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மேற்பார்வை. மாமா பூபதிக்கு அங்கேயே ஒரு சின்ன அச்சுப் பட்டறை. இருவரும் வசதியானவர்கள் இல்லை, ஆனால் அக்காவுக்கு அம்மாவின் நகை அப்படியே வந்திருந்தது.

நினைத்துப் பார்க்கப் பார்க்க எல்லாம் பொருந்தி வந்தது. அக்கா முன்போல அடிக்கடி கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் நாலு வார்த்தையில் வைத்துவிடுகிறாள். போன வாரம் சீர் பற்றிப் பேச்செடுத்தபோது, "அதெல்லாம் பெருசா வேண்டாஞ்சாமி" என்று அவசரமாக வெட்டினாள். அவன் ஓர் ஆள் என்று இனி அவளுக்கு நினைப்பில்லை. சந்தேகம் வந்துவிட்டால் கொடுக்கிற கையும் பிடுங்குகிற கையாகத்தான் தெரியும்.

அறைக்கு வந்ததும் கூப்பிட்டான்.

"சாப்ட்டியா சாமி?" என்றாள் அக்கா. பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல்.

"இன்னும் கம்பெனிலயா இருக்கே?"

"ஆமாடா, ஆர்டர் இருக்குது. சொல்லு."

"நான் என்னக்கா தப்புப் பண்ணேன்?"

"என்னடா கேக்கறே?"

"மறைக்காத. என்ர மேல வெச்சிருந்தது போச்சில்ல? எனக்குத் தெரியும். கார்டுலயே காட்டிருச்சு."

அந்தப்பக்கம் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. அந்த மௌனம் போதாதா? அவனுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, அதை மறைக்கக் கோபமாகக் கத்தினான். "ஒண்ணுமில்லாதவன் மாதிரி வெறுங்கையோட வந்து நிக்கமாட்டேன். மாமன் சீர் எப்படி இருக்கோணும்னு நீயும் பாரு, உன்ர ஊட்டுக்காரரும் பாக்கட்டும்."

"மிதுனு, வேண்டாண்டா. நான் சொல்றதக் கேளு. நீ வந்து புள்ளைய மடியில வெச்சுக்கோணும், அவ்வளவுதான். வேற ஒண்ணும் வாங்கிறாத. எம்மேல சத்தியமா வாங்கிறாத."

சத்தியம் வேறா! அவன் போனை வைத்துவிட்டான். அதன்பிறகு அவள் கூப்பிட்டதெதையும் எடுக்கவில்லை.

மிச்சமிருந்த இரண்டு லட்சத்து நாலாயிரத்தையும் ஒரே நாளில் தீர்த்தான். தன்யாவுக்குக் கல் வைத்த கம்மல், பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு. அக்காவுக்கு அவள் கண் கூசுகிற மாதிரி ஒரு பட்டுச்சேலை. மாமாவுக்கு வேட்டி சட்டை. பழம், இனிப்பு, பொம்மை, வெல்லம். மொத்தம் இருபத்தொரு தட்டு. கடைக்காரர் ஒவ்வொன்றையும் கண்ணாடித்தாளில் சுற்றி ரிப்பன் கட்டிக் கொடுத்தார். தோள்பலம் முழுவதும் செலவாகி, எண் சிவப்பாகிவிட்டது. சிவப்பாகட்டும். கட்ட முடியாவிட்டால் இருக்கவே இருக்கிறது கருணைச் சலுகை.

காங்கேயம் பக்கத்தில் அவர்கள் குலதெய்வக் கோயில். மிதுன் ரூபனையும் ஆபீஸ் ஆட்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு, மேளத்தோடு போய் இறங்கினான். தட்டுகள் வரிசையாக உள்ளே போகப் போகச் சனம் வாயைப் பிளந்தது. "மாமன்னா இப்படியில்ல இருக்கோணும்" என்று யாரோ ஓர் அம்மாள் சொன்னது காதில் விழுந்தது. அதைக் கேட்கத்தானே வந்தான்? ஆனாலும் மனசு ஓர் இடத்தில் நிற்கவில்லை. கண் அக்காவைத் தேடியது.

கோகிலா கோயில் வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். இளைத்துப்போயிருந்தாள். தட்டுகளைப் பார்த்ததும் அவள் முகம் மலரும் என்று நினைத்திருந்தான். அது வெளுத்தது. அவனுக்குப் பொட்டு வைக்கக் கையைத் தூக்கியபோது பார்த்தான். கழுத்தில் தாலிக்கொடி இல்லை. மஞ்சள் கயிற்றில் தாலி கிடந்தது. அம்மாவின் காசுமாலை, அட்டிகை எதுவும் இல்லை. காதில் இருந்தது பார்த்தாலே தெரிகிற கவரிங்.

"கொடி எங்கக்கா?"

"அத்துப்போச்சு. ஆசாரிகிட்டக் குடுத்திருக்கேன். உள்ள வா, நேரமாச்சு."

மாமா பூபதி காப்பி கொண்டுவந்து கொடுத்தார். மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார் என்று எதிர்பார்த்தவனுக்கு அது சங்கடமாக இருந்தது. "ஏனுங் மாமா, அக்கா ரொம்ப எளைச்சுட்டா?" என்றான்.

"எங்க மாப்ள ஒறங்கறா? ரெண்டு ஷிப்டு பாக்கறா. எதுக்குடீன்னா சொல்றதில்ல. வளையலு, அட்டிகைன்னு ஒவ்வொண்ணா போயிட்டு, போன வாரம் கொடியும் போச்சு. கேட்டா அழுவறா. நீயாவது கேட்டுப்பாரு." அவர் குரலில் கோபமில்லை, பயம்தான் இருந்தது.

போன வாரம் என்ற சொல் மிதுனுக்குள் எங்கோ போய் உரசியது. அதற்குள் காது குத்துகிற ஆசாரி கூப்பிட்டுவிட்டார்.

மணையில் உட்கார்ந்தான். தன்யாவை மடியில் வைத்தார்கள். குழந்தை அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தது. வாயில் வெல்லத்தைத் திணித்தும், ஊசி ஏறியதும் அது வீறிட்டு அழுதது. அவன் அதைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. ஒரு கையால் எடுத்துப் பார்த்தான். தோள் கம்பெனி. ஆனால் அவனுடைய கணக்கைப் பற்றியது இல்லை.

'அன்புள்ள மிதுன், எங்கள் வாடிக்கையாளரும் உங்கள் சகோதரியுமான கோகிலா அவர்கள் சிரமத்தில் இருக்கிறார். அவரால் தவணை கட்ட இயலவில்லை. நீங்கள் அவரைத் தாங்குவீர்கள் என்று எங்கள் கணிப்பு சொல்கிறது. நீங்கள் செலுத்தினால் அவருக்கு "தவணை தாங்கப்பட்டது" என்று மட்டுமே செய்தி போகும். யார் தாங்கினார் என்பது தெரியாது. அவர் மனம் புண்படாதிருக்க, நீங்களும் சொல்லவேண்டாம்.'

தவணை தாங்கப்பட்டது. மகிழ்ந்திருங்கள்.

குழந்தை காதருகே அழுதுகொண்டிருந்தது, அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கருணையாவது, சலுகையாவது. அவன் பிரியாணி தின்ற ஒவ்வொரு மாதமும் இதே போன்ற செய்தி திருப்பூருக்குப் போயிருக்கிறது. பாசம் அப்படியே இருக்க, பீரோதான் காலியாகியிருக்கிறது. கடைசியாக இருந்த கொடியும் போனதும் கம்பெனி அவளை அவன் கணக்கிலிருந்து கழித்துவிட்டது. எம்மேல சத்தியமா வாங்கிறாத என்று அவள் கதறினாளே, அதன்பிறகும் மிச்சம் மீதியை வழித்தெடுத்து இருபத்தொரு தட்டில் அடுக்கி, மேளம் கொட்டி அவளுக்கே கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இவன் அக்கா வீட்டு நெய்யை அக்காவுக்கே பரிமாறினான்.

செய்தி இன்னும் முடியவில்லை. கீழே இரண்டு வரி இருந்தது. அதையும் படித்தான். மறுபடி படித்தான். பிறகு கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

பந்தி நடக்கும்போது அக்காவைக் கோயில் பின்பக்கம் வேப்பமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"தோள் கம்பெனியிலருந்து உனக்கு மெசேஜ் வந்துச்சா?"

கோகிலா முந்தானை நுனியைச் சுருட்டினாள். "சொல்லக்கூடாதுன்னு போட்டிருந்துச்சுடா. சொன்னா உனக்குக் கூச்சமாயிரும்னு. மொத தடவை நாப்பதாயிரம். வளையலை வெச்சேன். அப்பறம் பழகிருச்சு. கேக்கறத கணக்காக் கேக்கும்டா. எங்கிட்ட எவ்வளவு இருக்குதுன்னு எனக்கே சரியாத் தெரியாது, அதுக்குத் தெரிஞ்சிருந்துச்சு."

"ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருக்கலாமில்லக்கா?"

"திட்டுனா நீ சாப்பிடாமப் படுத்துக்குவே." அவள் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். "அன்னிக்கு நீ போன்ல கத்துனப்ப, எல்லாம் தெரிஞ்சுதான் கேக்கறேன்னு நெனச்சுட்டேன். நகையெல்லாம் போச்சில்லன்னு கேட்டாப்பல இருந்துச்சு. என்ன சொல்றதுன்னு தெரியல."

மிதுன் அழுதான். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றுகூட இல்லாமல் அழுதான். அவள் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு திடீரென்று நிறுத்தினாள்.

"அது செரி, உனக்கெப்படித் தெரிஞ்சுது?"

"நீயும் அந்தக் கார்டு வாங்கிட்டயாமா. தவணை கட்டலையாமா. இப்பத்தான் எனக்கு மெசேஜ் வந்துச்சு."

கோகிலாவின் முகம் சுருங்கியது. "அய்யோ, உங்கிட்டயா கேட்டுச்சு? பாவி மெஷினு. நகை பத்தாதப்ப உன்ர தவணைக்குன்னுதான்டா வாங்குனேன்." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, கேட்கலாமா கூடாதா என்று தெரியாத குரலில் கேட்டாள். "உங்கிட்ட எவ்வளவுடா கேட்டுச்சு?"

அவள் ஏன் கேட்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. போன வாரம் முழுக்க அவனும் அதைத்தானே தேடி அலைந்தான்?

"முழுசும்," என்றான்.

"நெசமாவா?"

"முழுசும் கேட்டுச்சுக்கா. முப்பத்தெட்டாயிரத்து நானூறு."

அக்காவின் முகத்தில் அன்றைக்கு முதல்தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது. "வேண்டாம், நீ கட்டாத, நான் பாத்துக்கறேன்," என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பந்தியில் ஆள் கூப்பிடவே, மாமன்காரன் முதல்ல சாப்பிடோணும் வாடா என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

சீர்த்தட்டுகளில் திருப்பிக் கொடுக்க முடிந்ததையெல்லாம் மறுநாளே கடையில் கொடுத்தான். கம்மலை மட்டும் கொடுக்கவில்லை, அது குழந்தையின் காதில் ஏறிவிட்டது. சஞ்சீவ் வீட்டு வாசலில் போய் நின்றான். சஞ்சீவ் முதலில் கதவைத் திறக்கவில்லை, பிறகு திறந்தான். பைக்கை ரூபனின் மாமா பையன் எடுத்துக்கொண்டான், வாங்கிய விலையில் பாதிக்கு. பணம் கணக்கில் ஏறியதும் மிதுன் அதே பேக்கரியில் உட்கார்ந்து, தோள் கம்பெனியின் செய்தியைத் திறந்தான்.

கடைசி இரண்டு வரி அங்கேயே இருந்தது.

'நிலுவை: ரூ. 38,400.'

'நீங்கள் தாங்குவீர்கள் என நாங்கள் கணித்திருப்பது: ரூ. 1,100.'

முப்பத்தெட்டாயிரத்து நானூறு என்று அடித்து அனுப்பினான். திரை கொஞ்சம் யோசித்தது.

'நீங்கள் குறிப்பிட்ட தொகை எங்கள் கணிப்பைவிட மிக அதிகம். தவறுதலாக அடித்திருக்கலாம். திருத்த விரும்புகிறீர்களா?'

மிதுன் 'இல்லை' என்பதை அழுத்தினான்.

அது நம்பவில்லை. இன்னொரு தடவை கேட்டது.